ஐந்தாவது பாட்டு

அவள் முதலில் பார்த்தது வாயைத்தான்.

பல் செட் கட்டும் பட்டறை மாடியில் இருந்தது. கீழே தொலைக்காட்சிப் பெட்டி விற்கும் கடை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆறு பெட்டிகள், ஆறிலும் ஒரே படம். மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் கீழே இறங்கி வந்து ஐந்து நிமிடம் நிற்பாள். அன்று ஆறு பெட்டிகளிலும் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். கனத்த உடம்பு. கண்ணை மூடியிருந்தாள். பின்னால் ஒருவர் கிடாரோடும் ஒருவர் பியானோவோடும் இருந்தார்கள்.

இவளுக்குத் தொழில் கண். ஆளைப் பார்க்கும் முன் பல்லைப் பார்த்துவிடும். மேல் வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே தீக்குச்சி நுழையும் இடைவெளி. இடது கடைவாயில் ஒன்று இல்லை. இந்த வாய் பட்டறைக்கு வந்திருந்தால் இவளே இடைவெளியை அடைத்து, இல்லாததைக் கட்டி, கச்சிதமாக அனுப்பியிருப்பாள். அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை. உள்நாக்கு தெரியத் திறந்தாள். அப்படித் திறந்த வாயிலிருந்து என்ன சத்தம் வரும்? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"கொஞ்சம் சவுண்டு வைக்கிறீங்களா?"

"பெட்டியை வாங்குங்கம்மா. சவுண்டையும் சேர்த்தே தர்றோம்" என்றான் விற்பனையாளன்.

திரும்பி வெளியே வந்தபோது ஆறு பெட்டிகளிலும் சோப்பு விளம்பரம்.

சத்தம் மூன்று மாதம் கழித்து வந்தது. சனிக்கிழமை மாலை. அண்ணி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். அலமாரி மேலிருந்த வானொலியைத் துடைக்கப் போனவளின் கை பட்டு முள் நகர்ந்தது. ஒரு பெண் குரல். அடிவயிற்றிலிருந்து ஏறி வந்து, பல்லருகே வந்ததும் மெல்லிய விசிலாகக் கசிந்தது. காற்று எங்கே கசிகிறது என்று இவளுக்குத் தெரியும். தீக்குச்சி நுழையும் அந்த இடத்தில்.

துடைப்பதை விட்டுவிட்டு நின்றாள்.

"என்ன இந்தப் பொம்பள இந்த ஒப்பாரி வைக்கிறா? மாத்து" என்றாள் அண்ணி.

"இருங்க அண்ணி. எனக்குத் தெரிஞ்சவங்க."

"உனக்கா? எப்போ வீட்டுக்கு வந்தாங்க? காப்பி குடுத்தியா?"

பாட்டு முடிந்ததும் ஓர் ஆண் பேசினார். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஓர் ஆள் நடந்து போகலாம், அவ்வளவு நிதானம். இதற்குப் பெயர் ப்ளூஸ் என்றார். முதல் வரியில் துக்கத்தைச் சொல்வார்கள். இரண்டாவது வரியிலும் அதையேதான் சொல்வார்கள், ஏனென்றால் முதல் தடவை யாரும் நம்புவதில்லை. மூன்றாவது வரியில்தான் பதில் வரும். அடுத்த வாரம் ஜாஸ், அதே நேரம், ஆறு மணி. அரை மணி நேர நிகழ்ச்சி அது.

அதற்குப் பிறகு சனிக்கிழமை ஆறு மணிக்கு அந்த வீட்டில் வேறு எதுவும் ஒலிக்கவில்லை. அண்ணி முதலில் முணுமுணுத்தாள். பிறகு அந்தத் தாளத்துக்கு மிஷினை மிதிக்கப் பழகினாள். பழகியதை ஒப்புக்கொள்ளவில்லை.

இவள் ஓர் அஞ்சலட்டை எழுதினாள். வாழ்க்கையில் முதல்முறையாக முன்பின் தெரியாதவருக்கு. 'அன்று பாடிய அம்மாவுக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி உண்டா? நான் பல் செட் கட்டும் வேலை செய்கிறேன். அதனால் கேட்கிறேன்.'

மூன்றாவது வாரம் அறிவிப்பாளர் அதைப் படித்தார். 

"முப்பது வருடமாக இந்தக் குரலைக் கேட்கிறேன். பல்லைக் கேட்டதில்லை. இப்போதுதான் கேட்கிறது" என்றார். அன்றைய அரை மணி நேரத்தையும் அந்தப் பெண்ணுக்கே கொடுத்தார். வானொலி நிலையத்தில் அவளுடைய இசைத்தட்டு ஒன்றே ஒன்று உண்டு என்றார். அதில் இரண்டாம் பக்கத்தின் ஐந்தாவது பாட்டை மட்டும் யாராலும் கேட்க முடியாது. தட்டில் அந்த இடத்தில் கீறல். யார் கீறியது என்று தெரியாது, தான் வேலைக்குச் சேரும் முன்பே நடந்தது. "இன்னொரு பிரதி எங்காவது இருக்கும். பல் செட் கட்டும் நேயருக்காக மறுபடியும் தேடத் தொடங்குகிறேன். கிடைத்தால் எல்லோரும் சேர்ந்து கேட்போம்."

அண்ணி மிதிப்பதை நிறுத்திவிட்டு இவளைப் பார்த்தாள்.

"அடியே, உன்னைத்தான் சொல்றாரு."

திங்கட்கிழமை பட்டறை முழுக்க அதே பேச்சு. கூட வேலை செய்பவனுக்குக் கடைவாய் என்று பெயர், எதையாவது மென்றுகொண்டே இருப்பான். "பல் செட் நேயரே, வாங்க வாங்க" என்று நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டான். "எங்க வாயையும் ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்களேன்." இவளுக்குக் காதுவரை சூடேறியது. சந்தோஷந்தான்.

பழைய இசைத்தட்டுக் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஒடுங்கிய, நீளமான அறை. இருபக்கமும் மர அடுக்குகள். கோடியில் ஒரு பிளேயரும் ஒரு ஸ்டூலும், ஸ்டூல் மேல் கடைக்காரரும். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருப்பார். இவளை டாக்டரம்மா என்று கூப்பிடுவார். "பல் செட் கட்டுறவதான் ஐயா" என்று எத்தனை தடவை சொன்னாலும், "அதான், பாதி டாக்டரு" என்பார்.

கடைக்கு இரண்டு விதிகள். சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். தட்டை உறையிலிருந்து உருவக் கூடாது. யாருக்காகவும் எடுத்து வைக்கப்பட மாட்டாது. கடைக்கு வாங்கும்போது ஒருமுறை அவரே உருவிப் பார்ப்பார், அதோடு சரி. அதற்குப் பிறகு எந்த விரலும் படக் கூடாது. தினமும் மாலை அடுக்கெல்லாம் சரிபார்த்து, இடம் மாறிய உறைகளைத் திருப்பி வைப்பார். எந்தத் தட்டு எந்த அடுக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்.

இவளிடம் பிளேயர் இல்லை. ஆனாலும் வாரம் மூன்று நாள் போவாள். அவர் எதையாவது சுழலவிடுவார், கேட்டபடி உறைகளைப் புரட்டுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, உறைகளைப் புரட்டிய விரல் நின்றது. கண்ணை மூடிய கனத்த பெண். திறந்த வாய். நடுவே இடைவெளி. பின்பக்கம் திருப்பி இரண்டாம் பக்கத்துப் பாட்டுகளை எண்ணினாள். ஐந்து.

முதலில் தோன்றியது, அவரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான். அதை அவள் பிற்பாடு பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான். ஆனால் அந்த நினைப்பு நின்ற நேரம், ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். அடுத்து வந்தது, இது எனக்கு வேண்டும்.

சம்பளம் சனிக்கிழமை மதியம். எடுத்து வைக்கச் சொன்னால் வைக்க மாட்டார். வேறு அடுக்கில் செருகினால் மாலையே கண்டுபிடித்துவிடுவார். அடிவரிசையில் ஓர் உடற்பயிற்சித் தட்டு இருந்தது, உறையில் கால்சட்டை போட்ட பெண் ஒருத்தி கையை விரித்து நிற்பாள். இவள் கடைக்கு வரத் தொடங்கிய நாளிலிருந்து அது அங்கேதான் கிடக்கிறது. அதைத் தொட்டவர் யாருமில்லை.

கடைக்காரர் வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். இவளுடையது மெழுகில் பல் பதிக்கும் கை, நடுங்காது. இரண்டு தட்டுகளையும் உருவினாள். இரண்டும் ஒரே கம்பெனி, நடுவே ஒரே நீல வட்டம். பாடுகிறவள் உடற்பயிற்சிக்காரியின் உறைக்குள் போனாள். உடற்பயிற்சிக்காரி பாடுகிறவளின் உறைக்குள் வந்தாள். உறைகள் இரண்டும் அதனதன் இடத்தில். அரை நிமிடம் ஆகவில்லை.

பாடுகிறவளின் உறையை யாராவது வாங்கிப்போனால் என்ன ஆகும் என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியது அதை மட்டுந்தான்.

சனிக்கிழமை சம்பளம் வந்தது. மாலை ஐந்து மணிக்குக் கடைக்குப் போனாள். மாற்றி வைத்துவிட்டு, முறையாக வாங்கிவிட வேண்டும். உடற்பயிற்சி உறையை எடுத்துக் கையில் வைத்திருந்தாள். கடைக்காரர் பார்த்துவிட்டார்.

"என்ன டாக்டரம்மா, அது எதுக்கு? ஏற்கெனவே காத்தடிச்சாப் பறந்துருவீங்க."

அப்போது கதவு திறந்தது. சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்த, குட்டையான மனிதர். வியர்த்திருந்தார்.

"ஐயா, ஒரு ரெக்கார்டு தேடுறேன்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் போதும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஓர் ஆள் நடந்து போகலாம்.

பாடுகிறவளின் பெயரைச் சொன்னார். "இன்னிக்கு என் நிகழ்ச்சிக்குக் கடைசி நாள். அடுத்த வாரத்துலேர்ந்து அந்த நேரத்தைச் சமையல் குறிப்புக்குக் குடுத்துட்டாங்க. நாலஞ்சு மாசமா எல்லாக் கடையும் ஏறி இறங்கிட்டேன். நேத்துதான் ஒருத்தர் உங்க கடையைச் சொன்னாரு."

"இடது பக்கம், மூணாவது அடுக்கு, பின்னாலேர்ந்து ஏழாவது" என்றார் கடைக்காரர், ஸ்டூலை விட்டு எழாமலேயே. "போன வாரந்தான் வந்துச்சு."

அறிவிப்பாளர் விரல்விட்டு எண்ணினார். ஏழாவது. உருவினார், உறையை மட்டும். அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு அதன் வாயருகே குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"ஆமா. இடைவெளி இருக்கு."

இவளுக்கும் அவருக்கும் நடுவே ஒரு கை நீளம். இவள் மார்போடு அணைத்திருந்த உடற்பயிற்சி உறைக்குள் தட்டு இருந்தது. வாயைத் திறந்தால் போதும். சார், ஒரு நிமிஷம். மூன்றே சொல். பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது, வெளியே வரவில்லை. கடைக்காரர் எதிரில் திருட்டுப் பட்டம் வாங்க வேண்டும். அது ஒன்று. தட்டு போய்விடும். அது இன்னொன்று. இரண்டில் எது பெரிது என்று அவளால் கடைசிவரை தீர்மானிக்க முடியவில்லை.

"தட்டை ஒரு தடவை பாத்துக்கட்டுமா?" என்றார் அறிவிப்பாளர்.

"சார், வாங்குறப்பவே பாத்துட்டேன். கண்ணாடி மாதிரி இருக்கு. விரல் வெச்சு அழுக்காக்காம அப்படியே கொண்டுபோங்க. காசு வேணாம். நாங்களும் உங்க நிகழ்ச்சியைக் கேக்குறவங்கதானே."

"நியாயம்" என்று அவர் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இவள் வழிவிட்டு ஒதுங்கினாள். "நன்றிம்மா" என்று இவளிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

இவள் உடற்பயிற்சித் தட்டுக்கு உடற்பயிற்சித் தட்டின் விலையைக் கொடுத்தாள்.

வானொலி நிலையத்துக்குப் போகும் பேருந்தில்தான் ஏறினாள். அதையும் பிற்பாடு தனக்குச் சொல்லிக்கொள்வாள். மூன்று நிறுத்தம்வரை நிஜமாகவே கொடுக்கத்தான் போனாள். நான்காவது நிறுத்தத்தில் ஒரு யோசனை வந்தது. சுழலவிடும் முன் பார்க்காமலா இருப்பார்கள்? நீல வட்டத்தில் எழுதித்தானே இருக்கிறது. பார்ப்பார்கள், மாறியிருக்கிறது என்று தெரியும், வேறு பாட்டு போடுவார்கள். எத்தனையோ பாட்டு இருக்கிறது. யாருக்கு என்ன நஷ்டம்? யோசனை வழவழவென்று, மெருகேற்றிய பல் போல இருந்தது. இறங்கி, எதிர்ப்பக்கப் பேருந்தைப் பிடித்தாள்.

ஆறு மணிக்கு வானொலி முன் உட்கார்ந்தாள். அண்ணியும் மிஷினை விட்டு வந்து உட்கார்ந்தாள். "கடைசின்னு சொன்னாங்களே. பாவம், நல்ல மனுஷன்."

அவர் எதுவுமே நடக்காதது போல ஆரம்பித்தார். இரண்டு ஜாஸ், ஒரு ப்ளூஸ். ஆறேகாலுக்குச் சொன்னார், நாலைந்து மாதத்துக்கு முன் ஒரு நேயர் என்னிடம் ஒரு பல்லைப் பற்றிக் கேட்டார். அவர் இப்போது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இன்று மாலை, இங்கே வரும் வழியில், அந்தத் தட்டு கிடைத்தது. நான் இன்னும் கேட்கவில்லை. மூச்சு வாங்க ஓடி வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆபரேட்டரிடம் கொடுத்ததோடு சரி. முப்பது வருடம் காத்திருந்தேன். உங்களோடு சேர்ந்துதான் கேட்க வேண்டும். இரண்டாம் பக்கம். ஐந்தாவது பாட்டு. இதற்குப் பிறகு நான் பேச மாட்டேன்.

முள் இறங்கும் கரகரப்பு. இவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்போது தரையில் மல்லாந்து படுங்கள்" என்றாள் ஒரு பெண், கணீரென்று. "முழங்காலை மடக்குங்கள். வயிற்றை உள்ளே இழுங்கள். ஒன்று… இரண்டு… சிரித்த முகத்தோடு செய்யுங்கள்… மூன்று…"

அண்ணி ஒரு கணம் விழித்தாள். பிறகு வெடித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளறையிலிருந்து அண்ணன் எழுந்து வந்து, "யாரு படுக்கச் சொல்றது?" என்று கேட்க, அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஏழுவரை எண்ணிய பிறகுதான் தட்டு நின்றது. அப்புறம் ஒன்றுமில்லை. வானொலியில் ஒன்றுமில்லாமல் இருப்பது எவ்வளவு நீளம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"நேயர்களே, எழுந்துகொள்ளலாம்" என்றார் அறிவிப்பாளர்.

நகைச்சுவைதான். அண்ணி மறுபடி சிரித்தாள். ஆனால் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இருந்த இடத்தில் இப்போது யாரோ தடுக்கி விழுந்திருந்தார்கள். அது இவளுக்கு மட்டுமே கேட்டது. கசிகிற இடம் தெரிந்த காது. அவர் வணக்கம் சொன்னார். மீதி நேரத்துக்கு யாரோ ஒரு வாத்திய இசையைப் போட்டு நிரப்பினார்கள்.

திங்கட்கிழமை பட்டறையில் கடைவாய் ஒரு மேல்செட்டையும் ஒரு கீழ்செட்டையும் கையில் பிடித்து வாயசைக்க வைத்தான். "மல்லாந்து படுங்கள். ஒன்று… இரண்டு…" முதலாளிகூட மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். ஊர் முழுக்க அதே பேச்சாம். முப்பது வருடம் பேசியதில் அந்த ஒரு வாக்கியந்தான் எல்லோருக்கும் மனப்பாடம்.

"ஏன் பல் செட் நேயரே, சிரிக்க மாட்டீங்களா? உங்களுக்காகத்தானே போட்டாரு."

"பல் வலி" என்றாள்.

"இந்தப் பட்டறையிலயா!" என்று அதற்கும் சிரித்தார்கள்.

மாலை இசைத்தட்டுக் கடைக்குப் போனாள். சொல்லிவிடத்தான் போனாள். கதவைத் திறந்தவள் அங்கேயே நின்றாள். சுவரில் விதிகள் எழுதிய தாள் இல்லை. கடைக்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் உறைகள். ஒவ்வொரு தட்டாக உருவி, நூல் கட்டிய கண்ணாடி வழியாக நீலம், சிவப்பு, கறுப்பு வட்டங்களைப் படித்து, உறையோடு ஒப்பிட்டு, திரும்பச் செருகிக்கொண்டிருந்தார்.

"என்ன ஐயா இது?"

"மாத்தி வெச்சிருக்கேன் டாக்டரம்மா. அன்னிக்கி ரெண்டு தட்டும் ஒரே மூட்டையில வந்துச்சோ என்னவோ. மாத்திச் செருகியிருக்கேன். எனக்கு நினைவே இல்ல." தலையைத் தூக்கவில்லை. "ஒண்ணை மாத்துனவன் எத்தனையை மாத்தியிருக்கேனோ. நாலாயிரம் இருக்கு. பாக்கணும்ல?"

"அவரு திட்டினாரா?"

"போன் பண்ணினாரு. ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாத் தேவல." ஒரு தட்டை விளக்கருகே சாய்த்தார். "மகள்தான் சொல்றா, அப்பா உங்களுக்கு மறதி வந்துருச்சு, போன மாசம் அடுப்பை அணைக்காமப் போனீங்க, கடையைச் சாத்திட்டு வீட்ல இருங்கன்னு. நான் ஒத்துக்கல. இப்ப எந்த மூஞ்சியோட ஒத்துக்காம இருக்கிறது? ஒரு வாத்தியக்காரன் வாசிச்ச தட்டு எங்கன்னு நேத்து எனக்கே சந்தேகம் வந்துருச்சு. வலது ரெண்டுதானே? போய்ப் பாத்தேன். அங்கதான் இருந்துச்சு. ஆனா பாக்காம இருக்க முடியல."

உடற்பயிற்சித் தட்டை அன்று வாங்கிப்போனது யார் என்பது அவருக்கு நினைவில் வரவே இல்லை. தன்னைச் சந்தேகிக்கவே நேரம் சரியாக இருந்தது.

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவள் தரையில் உட்கார்ந்து ஒரு கட்டு உறைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அன்று மாலை நூற்றிருபது தட்டுகளைப் பார்த்தாள். மறுநாள் மாலையும் போனாள். அவர், "நான் செஞ்ச பாவத்தை நீங்க எதுக்கும்மா சுமக்கிறீங்க" என்றார். இவள் ஒரு தட்டின் வட்டத்தை இரண்டு தடவை படித்தாள். எதுவும் மாறியிருக்கவில்லை. நாலாயிரத்தில் எதுவும் மாறியிருக்கப் போவதில்லை என்று அறிந்த ஒரே ஆள் அவள்தான்.

புதன்கிழமை அவர் ஒரு மடித்த தாளை நீட்டினார்.

"அறிவிப்பாளர் வீடு உங்க பட்டறையிலேர்ந்து ரெண்டு பஸ் ஸ்டாப்புதான். இதைக் குடுத்துருவீங்களா? எனக்கு நேர்ல போக முகம் இல்ல."

வீட்டுக்குப் போய் உடற்பயிற்சி உறையை எடுத்தாள். அண்ணி பார்த்தாள். "அதென்னடி, நாலு நாளா துணிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கே? உடம்பு குறைக்கப் போறியா?" என்று சிரிக்க ஆரம்பித்தவள், இவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். உறையைப் பார்த்தாள். வானொலியைப் பார்த்தாள்.

"அய்யோ. நீயா?"

"வந்து சொல்றேன் அண்ணி."

அறிவிப்பாளர் கதவைத் திறந்தபோது கையில் ஒரு முறம் இருந்தது. எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, பொழுது போக. தாளை வாங்கி வாசற்படியிலேயே படித்தார். வயதாகிவிட்டது, மறதி, மன்னிக்க வேண்டும், மாதக் கடைசியோடு கடையை மூடலாம் என்றிருக்கிறேன். மடித்துப் பையில் வைத்தார்.

"பாவம். விடச் சொல்லுங்க" என்றார். பிறகு, "நீங்க அன்னிக்குக் கடையில இருந்தீங்கல்ல?"

"நான்தான் பல் செட் கட்டுறவ. கார்டு எழுதினது நான்தான்."

அவர் முகம் மலர்ந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மலர்ந்த முகம் இறங்கும் முன் உறையை நீட்டிவிட்டாள்.

"தட்டு இதுல இருக்கு. நான்தான் மாத்தி வெச்சேன். சம்பளம் வர்ற வரைக்கும் யாரும் எடுத்துறக் கூடாதுன்னு. நீங்க வந்தப்போ கையிலதான் வெச்சிருந்தேன்."

அவர் முறத்தைக் கீழே வைத்தார். தட்டைப் பாதி உருவி, நீல வட்டத்தைப் படித்தார். ஓரத்தை மட்டும் உள்ளங்கையால் பிடித்திருந்தார். 

"கேட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"எங்க வீட்ல பிளேயர் இல்ல."

அவர் அவளைப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் போலிருந்தது. சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் பாடுகிறவளின் உறையோடு வந்தார். அங்கேயே நின்று, உடற்பயிற்சிக்காரியை வெளியே எடுத்து, பாடுகிறவளை அவளுடைய உறைக்குள் செருகினார். இரண்டையும் இவளிடம் கொடுத்தார்.

"சார், இது உங்களுக்குத்தான் கொண்டுவந்தேன்."

"இனி எனக்கு எதுக்கும்மா? தனியா உக்காந்து கேக்கணும்னா முப்பது வருஷம் தேடியிருக்க மாட்டேன்." நிதானமாகத்தான் சொன்னார். "எனக்குப் போனது ஒரு சாயங்காலம். அவருக்குப் போறது புத்தி. போயிடுச்சுன்னு அவரே நம்புறாரு. என்கிட்ட வந்தீங்க, சரி. நான் ரேடியோ ஆளு, என்கிட்டச் சொல்றது சுலபம். அவர்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

முறத்தை எடுத்துக்கொண்டார். கதவை ஓங்கிச் சாத்தவில்லை.

கடையில் விளக்கு போட்டிருந்தார்கள். கடைக்காரர் வலதுபக்கம் ஐந்தாவது அடுக்குக்கு வந்திருந்தார். பாதியைத் தாண்டவில்லை.

"குடுத்துட்டீங்களா டாக்டரம்மா?"

"ஐயா, நான்தான் மாத்தி வெச்சேன்."

"என்னம்மா?"

"நான்தான் மாத்தி வெச்சேன்."

இரண்டு உறைகளையும் அவர் எதிரே தரையில் வைத்தாள். அவர் ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, நூலைச் சரிசெய்து, மாட்டி, மறுபடி பார்த்தார். பாடுகிறவள் பாடுகிறவளின் உறையில். உடற்பயிற்சி உடற்பயிற்சியில்.

"அப்போ நான் மறக்கல" என்றார்.

"இல்லைங்க ஐயா."

"இடது மூணு, பின்னாலேர்ந்து ஏழு. சொன்னேன்ல? ஏழுலதானே இருந்துச்சு?"

"ஏழுலதான் இருந்துச்சு."

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகத்தில் பத்து வயது இறங்கியிருந்தது. வாய்விட்டுச் சிரித்தார். கீழ்வரிசையில் நான்கு பல் இல்லை. இத்தனை நாள் பழக்கத்தில் அதை இப்போதுதான் பார்த்தாள், இவ்வளவு அகலமாக அவர் வாய் திறந்ததேயில்லை. பிறகு சிரிப்பு நின்றது. தரையில் பரப்பிக்கிடந்த உறைகளைப் பார்த்தார். அவற்றுக்கு நடுவே இரண்டு மாலைகளாக அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தீங்க."

அவள் குனிந்து, காலடியில் கிடந்த ஓர் உறையை எடுத்துக் கட்டின் மேல் வைத்தாள்.

"இனிமே கடைக்கு வராதீங்கம்மா."

டாக்டரம்மா என்று சொல்லவில்லை. உடற்பயிற்சித் தட்டுக்கு அவள் கொடுத்த பணத்தைச் சில்லறையோடு எண்ணிக் கையில் வைத்தார். உடற்பயிற்சித் தட்டைக் குனிந்து அடிவரிசையில் வைத்தார். இடத்தைத் தேடவில்லை. கை தானாகப் போனது.

வெளியே வந்தாள். கதவு மூடியது. போயிருக்க வேண்டும், போகவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, பாடுகிறவளின் தட்டைப் பிளேயரில் வைப்பது தெரிந்தது. இரண்டாம் பக்கம். முள்ளை உள்ளே, கடைசிப் பாட்டுக்கு முந்தைய கோட்டைத் தாண்டி, குனிந்து பார்த்து இறக்கினார்.

தட்டு சுழன்றது. தெருவில் பேருந்துகள் போயின. கடைக்காரரின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் கண்ணாடிக் கதவில் காதை வைக்கவில்லை. முள் தானாக எழுந்து திரும்பும்வரை நின்றாள். பிறகு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். அண்ணி விழித்துக்கொண்டிருப்பாள். அவளிடமும் முதல் வரியிலிருந்து சொல்ல வேண்டும்.